அம்மை எல்லாம் பங்காளி இல்லை: ஒரு வைரஸை எந்தப் பெட்டியில் போடுவது?

காட்பாடியில் மாலை வேளையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளைகளுக்கும் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வைரஸ் பாடம் தொடங்குகிற அன்று புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். கரும்பலகையில் ஐந்து பெயர் எழுதுவேன்: பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா. இதில் யாருக்கு யார் பங்காளி, கோடு போட்டுக் காட்டுங்கள் என்பேன். ஒவ்வொரு வருஷமும் முதல் கோடு பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் நடுவில்தான் விழும், பெயரே அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே. புட்டாலம்மையை, அதான் பொன்னுக்கு வீங்கியை, ஓரமாக விட்டுவிடுவார்கள். அதில் உடம்பில் ஒரு பொரி கூட வராது, தாடைதான் வீங்கும்.

விடை அப்படியே தலைகீழ். பெரியம்மை பாக்ஸ் குடும்பம், சின்னம்மை ஹெர்பீஸ் குடும்பம். இரண்டுக்குள்ளும் இருப்பது டி.என்.ஏ என்பதோடு ஒட்டுறவு முடிந்தது, அதனால்தான் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிற தாத்தா பாட்டிக்கும் சின்னம்மை வந்தது. ஓரமாக விட்ட புட்டாலம்மைதான் தட்டம்மைக்கு உண்மையான பங்காளி, இரண்டும் பாராமிக்ஸோ குடும்பம். ரூபெல்லா இந்த நால்வரில் யாரோடும் சேராது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருகிற வழக்கம் நம் ஊர்ப் பக்கம் இருந்தது, சின்னம்மை வந்தால் வேப்பிலை கட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இரண்டு நோய், இரண்டு சடங்கு, ஆனால் வைரஸ் ஒன்றேதான்! சின்ன வயதில் சின்னம்மையாக வந்த அதே வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, வயதான பிறகு அக்கியாகத் தலை காட்டுகிறது.

அதனால் முதல் பாடம்: நோயின் பெயரை வைத்து வைரஸுக்கு உறவு சொல்லக்கூடாது. வைரஸைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திறந்து பார்க்க மூன்று கேள்வி போதும். உள்ளே இருக்கிற மரபுப்பொருள் என்ன? அதைச் சுற்றி இருக்கிற புரத ஓடு என்ன வடிவம்? அந்த ஓட்டுக்கு மேலே கொழுப்பு உறை உண்டா இல்லையா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், வைரஸ் பாடத்தில் பாதிக்கு மேல் மனப்பாடம் செய்யவே தேவை இருக்காது. நான் கடைசிக் கேள்வியிலிருந்து உள்ளே போகாமல் நடுவில் இருக்கும் ஓட்டிலிருந்து தொடங்குவேன், அதுதான் கையால் செய்து பார்க்க முடிகிற பகுதி.

அதற்கு முன்னால் அளவைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர். போலியோ வைரஸ் 30 நானோமீட்டர். அதை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடுகு சுமார் 2 மில்லிமீட்டர். அதே கணக்கில் நம் ரத்தச் சிவப்பணு அரை மீட்டர் அகலமுள்ள தாம்பாளம் ஆகிவிடும். குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஒரு வாழைப்பழம். பெரியம்மை வைரஸ் ஒரு கோலிக்குண்டு. புகையிலையில் வரும் தேமல் வைரஸ், உருண்டை இல்லை, நீளமான குச்சி; அது குடியாத்தம் தீப்பெட்டியில் இருக்கிற குச்சியைப் பாதியாக ஒடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கடுகையும் வாழைப்பழத்தையும் தாம்பாளத்தில் வைத்துக் காட்டினால், சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியா தெரிகிறது, வைரஸ் ஏன் தெரிவதில்லை என்று யாரும் அப்புறம் கேட்பதில்லை. 1892இல் இவானோவ்ஸ்கி நோய் வந்த புகையிலைச் சாற்றைப் பாக்டீரியா தாண்ட முடியாத பீங்கான் வடிகட்டியில் ஊற்றினார், வடிந்து வந்த சாறும் நோயைப் பரப்பியது. வைரஸ் என்ற ஒன்று இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

சரி, இப்போது ஒரு பழைய காலண்டர் அட்டை எடுங்கள். 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சம முக்கோணங்கள் 20 வெட்டுங்கள். பத்து முக்கோணத்தை ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி வரிசையாக வைத்து செல்லோ டேப் ஒட்டினால் ஒரு பட்டை வரும், அதன் இரண்டு முனையையும் சேர்த்தால் வளையம். மேல்பக்கம் ஐந்து விளிம்பு இருக்கும், அதில் ஐந்து முக்கோணம் ஒட்டி உச்சியில் கூட்டிச் சேர்த்தால் தொப்பி. கீழ்ப்பக்கமும் அதேபோல் ஐந்து, ஆனால் அதை இப்போதே மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் சரியாக ஐந்து முக்கோணம் கூடுகிறதா, மொத்தம் 12 முனை வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு முனையில் ஆறு கூடினால் அந்த இடம் தட்டையாகப் போய்விடும், உருண்டை மூடாது. பிள்ளைகள் பெரும்பாலும் தப்பு செய்வது அங்கேதான். கால்பந்தில் கறுப்பாக இருக்கும் ஐங்கோணங்களை எண்ணுங்கள், அங்கேயும் 12தான் வரும்.

இந்த வடிவத்துக்கு ஐகோசஹெட்ரன் என்று பெயர், தமிழில் இருபது முகப்பி. போலியோ, டெங்கு, மஞ்சள் காமாலை ஏ, ரோட்டா, நாய்க்கு வரும் பார்வோ, மாட்டுக் கோமாரி எல்லாமே இந்த அமைப்புதான். ஏன் இத்தனை வைரஸும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. போலியோவின் மரபுச் செய்தி சுமார் 7,500 எழுத்துதான். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம் என்று வைத்தால், எல்லாவற்றையும் கூட்டினாலும் 2,500ஐத் தாண்டாது. அதில் தன்னைப் படியெடுக்கத் தேவையான புரதங்களுக்கும் இடம் விட வேண்டும். அவ்வளவு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு முழு ஓட்டையும் ஒரே பெரிய புரதமாகச் செய்ய முடியாது. அப்போது வழி ஒன்றுதான், நம் செங்கல் சூளைக்காரர்கள் செய்வது: ஒரே அச்சை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி கல்லை அறுத்துக்கொண்டே போவது. கிரிக்கும் வாட்சனும் 1956இல் இதைத்தான் சொன்னார்கள், சின்ன வைரஸ்களின் ஓடு ஒரே மாதிரியான துண்டுகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டதாகத்தான் இருக்க முடியும் என்று. ஒரே மாதிரி கல்லை வைத்து மூடிய உருண்டை கட்டச் சிக்கனமான வழி இருபது முகப்பி. ஒரு முகத்துக்கு மூன்று கல், 20 முகத்துக்கு 60 கல். பார்வோ வைரஸில் சரியாக 60 புரதம் இருக்கிறது, போலியோவில் நான்கு வகைப் புரதம், ஒவ்வொன்றிலும் 60. பெரிய வைரஸ்கள் இந்த 60ஐப் பல மடங்காகப் பெருக்கிக்கொள்ளும், அதன் கணக்கை 1962இல் காஸ்பரும் க்ளக்கும் போட்டுக் கொடுத்தார்கள். இந்த முழு ஓட்டுக்கும் கேப்சிட் என்று பெயர், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மேடு மேடாகத் தெரிகிற துண்டு கேப்சோமியர்.

இப்போது ஏழரை மீட்டர் நூல் அளந்து எடுங்கள். போலியோவின் ஆர்.என்.ஏவை நீட்டிப் பிடித்தால் ஓட்டின் அகலத்தைப் போல 80 மடங்குக்குக் குறையாது; உங்கள் அட்டைப் பந்து சுமார் 9.5 சென்டிமீட்டர் அகலம் வரும், அதற்கு 80 மடங்கு ஏழரை மீட்டர். அதைச் சுருட்டி உள்ளே போட்டுக் கடைசி முக்கோணத்தை மூடுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு முழு வைரஸ். போலியோவில் இதற்கு மேல் எதுவும் கிடையாது, சாப்பிடுவதில்லை, மூச்சு விடுவதில்லை, தானாக நகர்வதும் இல்லை.

எல்லா ஓடும் பந்து இல்லை. இரண்டாவது வடிவத்துக்கு பூக்காரம்மாவிடம் போக வேண்டும். நூலில் மல்லி தொடுத்துக்கொண்டே போகிற மாதிரி, ஆர்.என்.ஏ இழையில் புரதங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும், அந்தச் சரம் சுருள் படிக்கட்டு போல் சுற்றிச் சுற்றி மேலே போகும். புகையிலைத் தேமல் வைரஸ் ஒன்றில் இப்படி 2,130 புரதம் இருக்கிறது, எல்லாம் ஒரே அச்சு. இது சுருள் வடிவம். இந்தச் சுருள் விறைப்பாக இருந்தால் குச்சி, வளையக்கூடியதாக இருந்தால் அதை மடக்கி ஒரு உறைக்குள் போட்டுவிடலாம். தட்டம்மை, இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா எல்லாம் அப்படி. வெறிநாய்க்கடி வைரஸ் மட்டும் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு முனை கூராக, ஒரு முனை தட்டையாக இருக்கும், உள்ளே இருப்பது இதே சுருள்தான். பந்திலும் சேராமல் சுருளிலும் சேராமல் நிற்பவை சில: செங்கல் மாதிரி இருக்கும் பெரியம்மை, தலையும் வாலும் கால்களுமாகப் பாக்டீரியா மேல் உட்காரும் பாக்டீரியோஃபேஜ். இவற்றைச் சிக்கல் வடிவம் என்று தனியாக வைத்துவிடுங்கள், அவ்வளவு போதும்.

அடுத்த கேள்வி உறை. அட்டைப் பந்தை ஒரு பாலிதீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, மேலே நாலைந்து குண்டூசி குத்துங்கள். அந்தக் கவர்தான் கொழுப்பு உறை, குண்டூசிதான் கொரோனா நாட்களில் தினமும் செய்தியில் கேட்ட ஸ்பைக் புரதம். கவரை வைரஸ் சொந்தமாகச் செய்யவில்லை. நம் செல்லை விட்டு வெளியேறும்போது செல்லின் சவ்விலிருந்தே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறது, தன்னுடைய ஸ்பைக்கை மட்டும் அதில் முன்கூட்டியே செருகி வைத்திருக்கும்.

படிக்கிற பிள்ளைகள் உறை உள்ளது, உறையற்றது என்று இரண்டு பட்டியல் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதாது, ஏனென்றால் வீட்டில் நேரடியாக உதவுவது இந்தக் கேள்விதான். கொழுப்பு சோப்பில் கரையும். உறை கரைந்தால் ஸ்பைக் போச்சு, ஸ்பைக் போனால் செல்லுக்குள் நுழையச் சாவி இல்லை. வெறிநாய் கடித்தவுடன் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்வது அழுக்குப் போக மட்டும் இல்லை, அந்தத் தோட்டாவின் கொழுப்பு உறையை அங்கேயே கரைக்கத்தான். மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருகிறவர்களை நம் கிராமங்களில் இன்னும் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம், சோப்பும் தண்ணீரும், அப்புறம் தாமதிக்காமல் தடுப்பூசி, டாக்டர் சொன்னால் கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலினும். கழுவியாச்சே என்று ஊசியை விட்டுவிடவும் கூடாது.

உறை இல்லாதது பலவீனமானது என்று தோன்றும், உண்மை எதிர்ப்பக்கம். கரைக்கக் கொழுப்பே இல்லாததால் மஞ்சள் காமாலை ஏ, போலியோ, ரோட்டா எல்லாம் இரைப்பை அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரும், சாக்கடை கலந்த தண்ணீரில் நாள் கணக்கில் தாங்கும். இவற்றிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. தண்ணீரைக் கொதிக்க வைப்பது, தொட்டிக்கு குளோரின் போடுவது, கையை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது, இவைதான். கோடையில் பாலாறு வறண்டு, குடிநீர்க் குழாயில் விட்டு விட்டுத் தண்ணீர் வருகிற நாட்களில் இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் அழுத்தம் இல்லாத குழாயில் விரிசல் இருந்தால் வெளியே தேங்கியது உள்ளே வந்துவிடும். கோமாரி வைரஸுக்கும் உறை கிடையாது, ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு, அமிலமும் காரமும் தாங்காது; கொட்டகையைக் கழுவ 4 சதவீத சலவை சோடாக் கரைசலைச் சொல்வது அதனால்தான்.

இதற்கு விலக்கு இருக்கிறது, லேப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விலக்கு. மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, இருந்தாலும் காய்ந்த ரத்தத் துளியில் 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். மேசையில் காய்ந்த கறை ஒன்றும் செய்யாது என்று விரலால் சுரண்டாதீர்கள்.

இப்போது உள்ளே போகலாம். மரபுப்பொருள் டி.என்.ஏவா ஆர்.என்.ஏவா, ஒற்றை இழையா இரட்டை இழையா? இதோடு இன்னொரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் திணறுவது அதில்தான்: ஒற்றை இழை ஆர்.என்.ஏ என்றால் அது பாசிட்டிவா நெகட்டிவா? நான் இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு கொண்டுபோவேன். ஸ்டாம்பில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், அப்படியே படிக்க முடியாது. தாளில் குத்தினால்தான் படிக்க வரும். குத்திய தாள் பாசிட்டிவ் ஆர்.என்.ஏ. நம் செல்லில் இருக்கும் ரைபோசோம் அதை நேராகப் படித்துப் புரதம் செய்ய ஆரம்பித்துவிடும், அதனால் போலியோவின் ஆர்.என்.ஏவை மட்டும் சுத்தமாகப் பிரித்து ஒரு செல்லுக்குள் விட்டாலே புது வைரஸ் வரும். ரப்பர் ஸ்டாம்பு நெகட்டிவ் ஆர்.என்.ஏ. அதைக் குத்தித் தர ஆள் வேண்டும், ஆர்.என்.ஏவைப் பார்த்து நீளமான ஆர்.என்.ஏ எழுதும் அந்த ஆள் நம் செல்லில் வேலைக்கு இல்லை. அதனால் நெகட்டிவ் வைரஸ்கள் அந்த ஆளையும், அதாவது பாலிமரேஸ் என்சைமையும், ஓட்டுக்குள் கூடவே கூட்டிக்கொண்டு வரும். வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்.என்.ஏவை மட்டும் தனியாகப் பிரித்து உள்ளே விட்டால் ஒன்றும் நடக்காது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் டேவிட் பால்டிமோர் 1971இல் போட்ட வகைப்பாடு தானாக வந்துவிடும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த வைரஸ் செல் படிக்கக்கூடிய செய்தி ஆர்.என்.ஏவை எந்த வழியாகச் செய்கிறது? முதலில் ஆறு வகுப்பு போட்டார், ஏழாவது பிறகு சேர்ந்தது. இரட்டை இழை டி.என்.ஏ ஒன்றாம் வகுப்பு, பெரியம்மை, சின்னம்மை, அடினோ, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா இதில். ஒற்றை இழை டி.என்.ஏ இரண்டு, இதில் நாய்ப் பார்வோ இருக்கிறது, கொல்லையில் வெண்டைச் செடி இலை நரம்பெல்லாம் மஞ்சளாகப் போகிறதே, வெள்ளை ஈ பரப்பும் அந்த மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸும் இருக்கிறது. இரட்டை இழை ஆர்.என்.ஏ மூன்று: குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா, ஆட்டுக்கு வரும் நீலநாக்கு. ரோட்டாவின் மரபுப்பொருள் 11 தனித்தனித் துண்டு, ஓடு மூன்று அடுக்கு. நம் நாட்டிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தது டெல்லி, புனே, வேலூர் ஆகிய 3 இடங்களில். வைரஸ் ஆய்வாளர் ககன்தீப் காங் இங்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்துகொண்டு இந்த வைரஸைப் பல வருஷம் துரத்தினார், வேலூர்த் தெருக்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் சேர்த்த விவரங்கள் அவருடைய ஆய்வில் இருக்கின்றன.

நான்கு பாசிட்டிவ் ஆர்.என்.ஏ, கூட்டம் அதிகமான பெட்டி: போலியோ, டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா, ரூபெல்லா, கோமாரி, மஞ்சள் காமாலையில் ஏயும் சியும் ஈயும். ஐந்து நெகட்டிவ்: வெறிநாய்க்கடி, தட்டம்மை, புட்டாலம்மை, இன்ஃப்ளூயன்ஸா, நிபா, எபோலா. ஐந்தாவதற்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். மனிதரையும் கால்நடையையும் தாக்கும் நெகட்டிவ் ஆர்.என்.ஏ வைரஸ் எதை எடுத்தாலும், மஞ்சள் காமாலை டி என்ற வினோதமான ஒன்றைத் தள்ளிவிட்டால், உள்ளே சுருள் வடிவம், மேலே கொழுப்பு உறை. நெகட்டிவ் என்று தெரிந்த உடனே மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிடலாம்.

ஆறு, ஆர்.என்.ஏவாக உள்ளே வந்து டி.என்.ஏவாக மாறி நம் மரபுப்பொருளுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும் வகை. எச்.ஐ.வி. ஆர்.என்.ஏவிலிருந்து டி.என்.ஏ எழுதும் என்சைமை 1970இல் பால்டிமோரும் ஹோவர்ட் டெமினும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்பது முதலில் தெரிய வந்தது நம் ஊரில்தான். 1986இல் சென்னையில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் ஆசிரியை சுனிதி சாலமன் சொல்லி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். பரிசோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லாததால், ஜேக்கப் ஜான் வைராலஜித் துறையை நடத்திக்கொண்டிருந்த வேலூருக்கு அவற்றைக் கொண்டுவந்தார். எலைசா என்ற ரத்தப் பரிசோதனைத் தட்டில் ஆறு குழி நிறம் மாறியது, அதாவது ஆறு மாதிரி பாசிட்டிவ். லேப் படிக்கிற பிள்ளைகள் எலைசா தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன், ஒரு மாணவி சிரமப்பட்டுச் சேகரித்த குழாய்கள் அவை.

ஏழாவதில் டி.என்.ஏவாக இருந்துகொண்டு நடுவில் ஆர்.என்.ஏ வழியாகப் போய்த் திரும்ப டி.என்.ஏவாகும் வகை, மஞ்சள் காமாலை பி. விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே நெல் துங்ரோ நோயைச் சொல்லியாக வேண்டும். நாற்று குட்டையாகி இலை ஆரஞ்சு மஞ்சளாகப் போகும், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும். அது ஒரு வைரஸ் இல்லை, இரண்டு. ஒன்று மாத்திரை வடிவில் நீளமானது, ஏழாம் வகுப்பு. இன்னொன்று உருண்டை, நான்காம் வகுப்பு. நீளமானதுதான் செடியைக் கெடுக்கிறது, ஆனால் உருண்டை கூட இல்லாவிட்டால் தத்துப்பூச்சி அதைச் சுமந்து போகாது. ஒரே வயலில், ஒரே செடியில், ஒரே நோயில், ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு வைரஸ்.

இனி முழுசாக ஒன்றைச் செய்து பார்ப்போம். 1955இல் வட ஆற்காடு மாவட்டத்துக் குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல் வந்தது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது இங்கேதான், வேலூரில். திறந்து பாருங்கள். மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ, சுமார் 11,000 எழுத்து, பாசிட்டிவ். எனவே நான்காம் வகுப்பு. ஓடு இருபது முகப்பி. மேலே கொழுப்பு உறை, மொத்தம் 50 நானோமீட்டர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஃப்ளாவி குடும்பம். அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் டெங்கு. அதனால்தான் டெங்கு வந்து போனவருக்கு மூளைக்காய்ச்சல் பரிசோதனை செய்தால் சில சமயம் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிறது, பங்காளிகளின் முகஜாடை அப்படி. சிக்குன்குனியா, 1964இல் வேலூரிலும் பரவியது, டெங்குவைப் பரப்பும் அதே கொசுவால் டெங்கு மாதிரியே வரும், ஆனால் அது டோகா குடும்பம். கொசு கடித்து வருகிறது என்பது பயண வழியைத்தான் சொல்கிறது, பேருந்தில் ஒரே சீட்டில் வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்கள். நெல் வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு, நாரை, பன்றி, இவற்றுக்குள் சுற்றும் வைரஸ் நம் மூளைக்காய்ச்சல் வைரஸ். கொழுப்பு உறை இருக்கிறதே, சோப்பு போட்டால் போய்விடுமா என்று ஒரு தம்பி கேட்டான். கொசு ஊசி போட்ட மாதிரி நேராக ரத்தத்தில் இறக்கிவிடுகிறது, அங்கே சோப்புக்கு வேலை இல்லை.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாதிப் பெயர் விடையைத் தானே சொல்லிவிடும். பிகோர்னா என்றால் பிகோவும் ஆர்.என்.ஏவும், குட்டி ஆர்.என்.ஏ, போலியோவின் குடும்பம். ஹெபட்னாவில் ஹெபா கல்லீரல், பின்னால் டி.என்.ஏ, மஞ்சள் காமாலை பியின் குடும்பம். கொரோனா லத்தீனில் கிரீடம், ரோட்டா சக்கரம், ஃபைலோ நூல், அதுதான் எபோலா. ராப்டோ என்றால் கோல், வெறிநாய்க்கடி. ஃப்ளாவி மஞ்சள், மஞ்சள் காய்ச்சல் வைரஸை வைத்து வந்த பெயர். பெயர் வைப்பதும் வரிசைப்படுத்துவதும் வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழுவின் வேலை. அவர்கள் மரபுச் செய்தியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 15 படிநிலை வரை வைக்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு விரிடே என்று முடிந்தால் குடும்பம், விராலெஸ் என்று முடிந்தால் வரிசை, வெறுமனே வைரஸ் என்று முடிந்தால் பேரினம் என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பால்டிமோரின் வகுப்பு வேறு, இந்தக் குடும்ப மரம் வேறு. ஒரே வகுப்பில் இருப்பதால் போலியோவும் டெங்குவும் பங்காளி ஆகாது, ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் உட்காருகிறவர்கள் மாதிரிதான்.

இன்னொரு பெயர்க் குழப்பத்தை நம் பக்கத்தில் தீர்த்தே ஆக வேண்டும். கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் 1932இலிருந்து இருப்பதால், நோய் இங்கிருந்துதான் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. ராணிக்கெட் இமயமலைப் பக்கம் உத்தராகண்டில் இருக்கும் ஊர். வைரஸ் பாராமிக்ஸோ, நெகட்டிவ் ஆர்.என்.ஏ, குறுக்குவழி நினைவிருந்தால் மற்றதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். மாட்டு வெக்கை, ஆட்டுக்கொல்லி, நம் தட்டம்மை மூன்றும் இதே பாராமிக்ஸோவில் ஒரே பேரினம். அவ்வளவு நெருக்கம் என்பதால் மாட்டு வெக்கைத் தடுப்பூசியையே ஒரு காலத்தில் ஆட்டுக்கொல்லிக்கும் போட்டார்கள். மாட்டு வெக்கை 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, இந்தப் பாடம் முடிகிற வாரத்தில் வகுப்பு கலைந்த பிறகும் நின்றாள். "மிஸ், எங்க பசுவுக்குப் பெரியம்மைன்னு சொல்லி ஊசி போட்டுட்டுப் போனாங்க. அண்ணி கைக்குழந்தையோட இருக்காங்க, குழந்தைக்கு ஒட்டிக்குமா? அதோட அந்த மருந்து பாட்டில்ல ஆட்டம்மைன்னு போட்டிருந்துச்சு, மாத்திப் போட்டுட்டாங்களோன்னு அப்பா பயப்படுறாரு." நான் பதில் சொல்லவில்லை, சாக்பீஸைக் கொடுத்தேன். மாட்டுக்கு வரும் அந்தத் தோல் கழலைக்கும் ஊரில் பெரியம்மை என்றுதான் பெயர். அவள் எழுதினாள்: இரட்டை இழை டி.என்.ஏ, சிக்கல் வடிவம், பாக்ஸ் குடும்பம். அதற்குக் கீழே பேரினத்தில் கோடு இரண்டாகப் பிரிந்தது. மனிதப் பெரியம்மை ஆர்த்தோபாக்ஸ். மாட்டுத் தோல் கழலை கேப்ரிபாக்ஸ், அந்தப் பேரினத்தில் இருப்பது மொத்தம் மூன்றே பேர்: மாட்டுத் தோல் கழலை, செம்மறி அம்மை, ஆட்டம்மை. மூன்றும் மனிதரைத் தொடாது. ஆட்டம்மை ஊசி பசுவுக்கு ஏன் வேலை செய்யும் என்பதும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. கரும்பலகையை அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து, அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.